பார்லர் வேலையில இருந்து நாய் க்ரூமிங்குக்கு மாறலாம்னு இருக்கேன், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

கோவைக்காரி_27:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் கோயமுத்தூர்ல ஒரு லேடீஸ் பார்லர்ல வேலை பார்க்கிறேன்ங்க. ஹேர் கட், ஸ்மூத்தனிங், ஃபேசியல் எல்லாம் நல்லாவே வரும். ஆனா சம்பளம் ஒரு இடத்துல வந்து நின்னு போச்சு, சொந்தமா பார்லர் போடலாம்னா எங்க ஏரியாவுல தெருவுக்கு ரெண்டு இருக்குது. கொஞ்ச நாளா மனசுல ஓடுறது என்னன்னா நாய் க்ரூமிங். எங்க ரெகுலர் கஸ்டமர் அக்கா ஒருத்தங்க ஷிட்ஸூ வளர்க்கிறாங்க, அதுக்கு குளிப்பாட்டி முடி வெட்ட அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே ஒரு வாரம் ஆகுதாம், ஒரு தடவைக்கு ஆயிரத்து ஐநூறு ரூபா வாங்குறாங்களாம். எங்கிட்ட ஐப்ரோவுக்கு அம்பது ரூபா பேரம் பேசுற அதே அக்காதானுங்க.

எனக்கு நாய்னா சின்ன வயசுல இருந்தே உசுரு. வீட்ல ஒரு பொமரேனியன் இருக்குது, அது போக தெருவுல இருந்து வந்து எங்க வாசல்லயே செட்டில் ஆன மணி. ரெண்டையும் நான்தான் குளிப்பாட்டுவேன், பொம்முக்கு வெயில் காலத்துல நானே ட்ரிம்மர் போட்டு ஒட்ட எடுத்து விட்டுடலாமான்னு கூட யோசிச்சிட்டு இருக்கேன்.

கேள்வி இதுதானுங்க: பார்லர்ல கத்துக்கிட்டது இதுல எவ்வளவு உதவும், கோர்ஸ் படிச்சே ஆகணுமா, கடி வாங்காம இந்த வேலை பார்க்க முடியுமா, கையில ஒரு ரெண்டு ரெண்டரை லட்சம் இருக்குது அத வெச்சு ஆரம்பிக்கலாமா. அம்மா வேற "படிக்க வெச்சு பார்லர் கோர்ஸ் சேர்த்து விட்டது நாய் கழுவுறதுக்கா"ன்னு கேக்குறாங்க, அதுக்கும் ஒரு பதில் இருந்தா சொல்லுங்க :)


சீப்பும்_கத்திரியும்:

நான் சென்னையில க்ரூமிங் கடை வெச்சிருக்கேன்மா, முன்னாடி இன்னொருத்தர் கடையில நாய் குளிப்பாட்டுற பொண்ணா இருந்துதான் வந்தேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

பார்லர்ல இருந்து வர்றதுல கத்திரி பிடிக்கிற கை, நாள் பூரா நிக்கிற காலு, கஸ்டமர் பேச்சை பொறுத்துக்கிற காது, இந்த மூணும் இங்க அப்படியே செல்லும். முடிய பத்தி தெரிஞ்சு வெச்சிருக்கிறதுல பாதிய மறந்துடணும். முதல்ல பிளேடு. நீங்க ஆம்பளைங்க ட்ரிம்மர்ல பாத்திருப்பீங்க, 1-ம் நம்பர் கார்டு போட்டா ஒட்ட போகும், 4-ம் நம்பர்னா முடி நீளமா நிக்கும். நாய் கிளிப்பர் பிளேடுல இது தலைகீழ். நம்பர் ஏற ஏற முடி குறையும். 7எஃப் போட்டா மூணு மில்லிமீட்டர் பக்கம் நிக்கும், 10 போட்டா ஒன்றரை, 40 ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர் வழிக்கிறது. பார்லர்ல இருந்து வர்ற கை பழக்கத்துல நம்பர் பெருசா எடுத்து மாட்டிச்சுன்னா முதுகுல ரோடு போட்டுடும். அப்புறம் பிளேடு சூடாகும், அதுவும் வயித்துலயும் தொடை இடுக்குலயும் ஓட்டும்போது. நாம அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நம்ம முழங்கை உள்பக்கம் வெச்சு பாக்கணும், சுட்டா மாத்தணும். நாய் "அக்கா சுடுது"ன்னு சொல்லாது, மறுநாள் அந்த இடத்த நக்கி நக்கி புண்ணாக்கும், அப்பதான் ஓனர் போன் பண்ணுவாங்க.

வேலையில முக்காவாசி நேரம் எதுல போகும்னா சீவுறது, குளிப்பாட்டுறது, காய வைக்கிறது. கத்திரி எடுக்கிறதெல்லாம் கடைசியில கொஞ்ச நேரம். சிக்கு இருக்கிற நாய சீவாம தண்ணியில நனைச்சீங்கன்னா சிக்கு இறுகி கம்பளி மாதிரி ஆயிடும், அப்புறம் வழிக்கிறத தவிர வேற வழியே இல்ல. ஷிட்ஸூ, லாசா, மால்டீஸ், பூடில் இதுங்க முடி கொட்டாம வளர்ந்துகிட்டே போற வகை, காதுக்கு பின்னாடி, அக்குள், கழுத்துப்பட்டை உராயற இடம், பின்னங்கால் இடுக்கு, இங்கதான் சிக்கு விழும். மேல பஞ்சு மாதிரி அழகா சீவி கொண்டாருவாங்க, அடியில சீப்ப விட்டா நகராது. அந்த சிக்க கத்திரி விட்டு வெட்டவே வெட்டாத. சிக்கு தோலையும் சேர்த்து மேல இழுத்து வெச்சிருக்கும், எது முடி எது தோலுன்னு கண்ணுக்கு தெரியாது, வயசான நாய்ங்களுக்கு தோல் தொளதொளன்னு வேற இருக்கும். சிக்குக்கும் தோலுக்கும் நடுவுல சீப்ப குடுத்து பாரு, சீப்பு போகலன்னா 10-ம் நம்பர் பிளேடு அடியில விட்டு மெதுவா எடு. காதுல ரொம்ப நாள் சிக்கு இருந்து அத எடுத்துட்டா நாய் சில சமயம் திடீர்னு காத போட்டு உதறிகிட்டே இருக்கும், அதுலயே காது மடலுக்குள்ள ரத்தம் கட்டி பலூன் மாதிரி வீங்கும். இத முன்னாடியே ஓனர்கிட்ட சொல்லிடணும், சொல்லலன்னா பழி நம்ம மேல.

உன் பொம்முவுக்கு வருவோம். ட்ரிம்மர தயவுசெஞ்சு கீழ வை. பொமரேனியன், ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன் ரெட்ரீவர், லேப், ஹஸ்கி எல்லாத்துக்கும் ரெண்டு அடுக்கு முடி. மேல சொரசொரன்னு காவல் முடி, உள்ள பஞ்சு. மேல இருக்கிறது வெயில தோல்ல பட விடாது, உள்ள காத்து போற மாதிரி நாம சீவி பழைய பஞ்ச எடுத்து விட்டாலே அதுக்கு பாதி வெக்கை குறைஞ்சிடும். வழிச்சு விட்டா வெயில் நேரா தோல்ல அடிக்கும், முடி திரும்ப வரும்போது திட்டுத் திட்டா வரும், சிலதுக்கு அந்த இடத்துல வருஷக்கணக்கா வரவே வராது, பொமரேனியனுக்கு இது ரொம்ப சகஜம். ஏப்ரல் மே வந்தா என் கடையில தினமும் இதே சண்டைதான், "நான் காசு தரேன், மொட்டை போடு"ம்பாங்க. சிக்கு இல்லாத டபுள் கோட்டு நாய்க்கு நான் மொட்டை போடறதில்ல, வேற கடைக்கு போறவங்க போகட்டும். இந்த தொழிலுக்கு வர்றதுக்கு முன்னாடி நீ முடிவு பண்ண வேண்டியது இது ஒண்ணுதான், காசு குடுக்கிறவங்க ஒருத்தங்க, டேபிள் மேல நிக்கிறது இன்னொரு உசுரு, ரெண்டும் வேற வேற கேட்டா நீ யார் பக்கம்னு.

ஷாம்பூ விஷயமும் சொல்லிடறேன். நம்ம தோலோட பி.ஹெச். 5.5 பக்கம், நாய்க்கு 7-ஐ ஒட்டி இருக்கும், தோலும் நம்மளத விட மெலிசு. பார்லர்ல மிச்சமான ஷாம்பூ, பேபி ஷாம்பூ, சீயக்காய் எதுவும் வேணாம். டீ ட்ரீ ஆயில் நல்லதுன்னு யாராச்சும் சொல்வாங்க, நாய்க்கு அது விஷம்.

காய வைக்கிறதுல ஒண்ணு. கூண்டுக்குள்ள வெச்சு சூடு காத்து அடிச்சு விட்டுட்டு போயிடுற கடைங்க இருக்கு, அங்க வேலைக்கு சேராத. பக், ஷிட்ஸூ, புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்ங்களுக்கு மூச்சு விட்டு உடம்பு சூட்ட இறக்கவே கஷ்டம், நாய்க்கு வேர்வை உள்ளங்கால்ல மட்டும்தான், மத்ததெல்லாம் நாக்க தொங்க போட்டு இரைச்சுதான் ஆத்தணும். கையில பிடிச்சு அடிக்கிற ப்ளோயர்தான் நல்லது, சூடு இல்லாம வேகமா காத்து வரும், மூஞ்சியிலயும் காதுலயும் அடிக்கக்கூடாது. சத்தம் பயங்கரமா இருக்கும், நாய் காதுக்கு ஸ்நூட், அதாவது காத மூடுற துணிப்பட்டை, போட்டு விடு, உன் காதுக்கும் பஞ்சாச்சும் வை. அரைகுறையா காய வெச்சு அனுப்பினா உள் பஞ்சுல ஈரம் நின்னு ரெண்டு நாள்ல சொதசொதன்னு புண்ணு வந்துடும்.

கோர்ஸ் பத்தி கேட்ட. நம்ம நாட்டுல க்ரூமர் ஆகணும்னா இத படிச்சிருக்கணும்னு சட்டமா எதுவும் கிடையாது, அதனாலதான் ஆன்லைன்ல வீடியோ பாத்துட்டு கடை திறக்கிறவங்க நிறைய. மூணு மாச கோர்ஸ் பெங்களூரு, மும்பை, சென்னையில எல்லாம் இருக்கு. சேர்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளு, என் கையில எத்தனை நிஜ நாய் குடுப்பீங்க, என்னென்ன இனம்னு. பொம்மை நாயில முடி வெட்ட வெச்சு சர்டிபிகேட் குடுக்கிற இடமும் இருக்கு. அதுக்கு முன்னாடி உங்க ஊர்லயே நல்ல கடை ஒண்ணுல ஒரு ஆறு மாசம் குளிப்பாட்டுற வேலைக்கு போ. சம்பளம் கம்மியாதான் இருக்கும். நாய் உடம்பு பாஷை அங்கதான் வரும்.


ராசபாளையத்தான்:

இதெல்லாம் வேலையத்த வேல. எங்க வீட்ல தாத்தா காலத்துல இருந்து ராஜபாளையம், சிப்பிப்பாறை வளக்கோம், ஒரு நாய்க்கும் சலூன் பாத்ததில்ல. கெணத்தடியில கட்டி ரெண்டு வாளி தண்ணி ஊத்துனா முடிஞ்சுச்சு. நம்ம ஊரு வெயிலுக்கு ஹஸ்கிய வாங்கி ஏசி ரூம்ல போட்டுட்டு அதுக்கு மாசம் ரெண்டாயிரம் குடுத்து முடி சீவுறாங்க பாருங்க, அவங்கள சொல்லணும். தங்கச்சி நீங்க தொழில் பண்ணுங்க, காசு பாருங்க, நான் கொற சொல்லல. நாட்டு நாய வாங்குங்கன்னு உங்க கஸ்டமர்கிட்டயும் ரெண்டு வார்த்த சொல்லுங்க.


சீப்பும்_கத்திரியும்:

அண்ணே ஹஸ்கி விஷயத்துல உங்க கட்சிதான் நானு. ஆனா நாட்டு நாய்க்கு ஒண்ணுமே வேணாம்னு சொல்லாதீங்க. சின்ன முடிங்கிறதால ரப்பர் பிரஷ் போதும், மாசம் ஒரு குளியல் போதும், சரி. நகம்? வயக்காட்டுல ஓடுற நாய்க்கு தானா தேயும், இப்ப மதுரையில மூணாவது மாடியில சிப்பிப்பாறை வளர்க்கிறாங்க, டைல்ஸ் தரையில நகம் எங்க தேயுறது. நகம் நீண்டா கால் விரல் அகண்டு நடையே மாறிடும், உள்பக்கமா அஞ்சாவது நகம் ஒண்ணு மேல இருக்கும் பாருங்க, அது வளைஞ்சு சதையில குத்தி நிக்கிறத நான் அடிக்கடி பாக்கறேன். அதுவும் ராஜபாளையம் மாதிரி வெள்ளையா இருக்கிற நாய்க்கு தோல் ரோஸ் கலர், வெயில்ல சீக்கிரம் கன்னிப்போகும். பிறவியிலயே காது கேக்காத குட்டிங்களும் அந்த இனத்துல வரும், அதுங்கள பின்னாடி இருந்து திடீர்னு தொட்டா திரும்பி கடிக்கும், க்ரூமருக்கு தெரிஞ்சிருக்கணும்.


ராசபாளையத்தான்:

காது கேக்காத விசயம் நெசந்தான். எங்க வீட்லயே ஒண்ணு இருந்துச்சு, தரைய காலால தட்டிட்டுதான் பக்கத்துல போவோம். சரி நீங்க பேசுங்க.


கால்நடை_நண்பன்:

வணக்கம். நான் கால்நடை மருத்துவர், நாமக்கல்ல படிச்சேன், இப்ப நாய் பூனை கிளினிக். நல்ல க்ரூமர் ஒருத்தர் ஏரியாவுல இருந்தா எங்க வேலை பாதி சுலபம், அதனால எழுதறேன்.

முதல்ல உங்க உடம்பு. வேலைக்கு சேர்றதுக்கு முன்னாடி வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டுக்கோங்க. கடிச்சப்புறம் போடுறதுதான் எல்லாருக்கும் தெரியும், கடிக்கு முன்னாடியே போடுறதும் இருக்கு, 0, 7, அப்புறம் 21 இல்லன்னா 28-வது நாள், மொத்தம் மூணு ஊசி. நாய் கையாளுற எல்லாருக்கும் இது வேணும். இத போட்டிருந்தாலும் கடிச்சா சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும், டாக்டர்கிட்ட போய் 0, 3 ரெண்டு நாள் பூஸ்டர் போடணும், ஆனா காயத்தை சுத்தி போடுற அந்த இம்யூனோகுளோபுலின் ஊசி தேவைப்படாது, செலவும் வலியும் மிச்சம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாப்பொடி எதையும் காயத்துல வெக்காதீங்க. கடி வாங்காம பாக்க முடியுமான்னா, கீறல் நிச்சயம், கடி உங்க கண்ண பொறுத்தது.

கண்ணுன்னு ஏன் சொல்றேன்னா, பெரும்பாலான நாய் கடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிட்டுதான் கடிக்கும். உதட்ட நக்கும், தூக்கம் வராமயே கொட்டாவி விடும், தலைய அந்தப்பக்கம் திருப்பிட்டு கண்ண மட்டும் உங்க பக்கம் வெச்சு வெள்ளை முழி தெரிய பாக்கும், வாய மூடி உடம்ப விறைச்சுட்டு அசையாம நிக்கும். "ரொம்ப சமத்தா நிக்குது"ன்னு ஓனர் சொல்ற நேரம் பாதி இதுதான். உறுமினா திட்டாதீங்க, அது எச்சரிக்கை, அத அடக்கிட்டீங்கன்னா அடுத்த தடவை சொல்லாம கடிக்கும்.

அடுத்தது உண்ணி. தமிழ்நாட்டுல வருஷம் பூராவும் உண்ணி உண்டு, அந்த பழுப்பு நிற நாய் உண்ணிதான் எர்லிச்சியா, பேபீசியாங்கிற ரெண்டு நோயையும் பரப்புது, ஜனங்க மொத்தமா உண்ணிக் காய்ச்சல்ம்பாங்க. மாசத்துக்கு ஒரு தடவை அந்த நாயோட உடம்பு மொத்தத்தையும் விரலால தொட்டு பாக்கிற ஒரே ஆள் நீங்கதான், ஓனர் தலையத்தான் தடவுவாங்க. ஈறு வெளுத்திருக்கா, வயித்துல குண்டூசி குத்தின மாதிரி சிவப்பு புள்ளி இருக்கா, மூக்குல ரத்தம் வந்துச்சான்னு பாருங்க. அப்படி இருந்தா அன்னிக்கு குளியலும் வேணாம் நகமும் வேணாம், ரத்தத்தட்டு குறைஞ்சிருக்கும், நகத்துல சின்னதா பட்டாலும் ரத்தம் நிக்காது. நேரா டாக்டர்கிட்ட அனுப்புங்க. எர்லிச்சியாவ சீக்கிரம் கண்டுபிடிச்சா டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலயே பெரும்பாலும் சரியாகிடும். கட்டி, காதுல கெட்ட வாடை, பல்லு ஆட்டம், இதெல்லாம் கூட க்ரூமர் சொல்லித்தான் பல தடவை எங்ககிட்ட வருது.

உண்ணிக்கு கழுத்துல ஊத்துற சொட்டு மருந்து போட்ட அன்னிக்கே குளிக்க கூட்டிட்டு வருவாங்க. பொதுவா போட்டதுக்கு முன்னாடி ரெண்டு நாள், பின்னாடி ரெண்டு நாள் குளியல் கூடாது, தோல்ல இருக்க எண்ணெய்ப்பசை வழியாதான் மருந்து பரவும், கழுவி விட்டா காசு தண்டம். பெர்மெத்ரின் இருக்கிற நாய் மருந்த பூனைக்கு போட்டா பூனை செத்தே போயிடும், உங்க கடைக்கு பூனையும் வரும்ல, அதனால சொல்றேன். மண்ணெண்ணெய், ஃபினாயில் போட்டு உண்ணி எடுத்து, தோல் வெந்து வர்ற நாய்ங்கள இன்னும் பாத்துட்டுதான் இருக்கேன்.

மயக்க மருந்து விஷயம். "கடிக்கிற நாய், ஒரு மாத்திரை குடுத்து வெட்டிடுங்க"ன்னு கஸ்டமர் கேப்பாங்க, மாத்திரை கையோட கொண்டு வர்றவங்களும் உண்டு. தொடாதீங்க. 1984 கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டப்படி வைத்தியம் பாக்க பதிவு பண்ண மருத்துவருக்குத்தான் உரிமை. அது ஒருபக்கம், சப்பை மூக்கு நாய்க்கும் இதய நோய் இருக்கிற நாய்க்கும் மயக்கத்துல மூச்சு நின்னா உங்ககிட்ட என்ன இருக்கு? கிளினிக்ல வெச்சு டாக்டர் பக்கத்துல இருக்கும்போது சிக்கு எடுத்துக்கலாம், நாங்களே க்ரூமர கூப்பிடுவோம். ஆசனவாய் பக்கத்துல இருக்கிற சுரப்பிய பிதுக்கி விடுறது சில கடையில பேக்கேஜ்லயே போட்டிருக்காங்க, அது எல்லா நாய்க்கும் தேவையே இல்ல, தேவையில்லாம நோண்டினா வீங்கும். பின்பக்கத்த தரையில தேய்க்குதுன்னா எங்ககிட்ட அனுப்புங்க.

குட்டிங்க பத்தி: தடுப்பூசி கோர்ஸ் முடியாத குட்டிய கடைக்குள்ள விடாதீங்க, சுமார் 16 வாரம் ஆகும். குட்டிங்களுக்கு ரத்தக்கழிச்சல் குடுக்கிற பார்வோ கிருமி தரையில மாசக்கணக்குல உசுரோட இருக்கும், ஃபினாயிலுக்கு சாகாது, பிளீச்சிங் கரைசல்தான், 1 பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணி, பத்து நிமிஷம் ஊற விட்டு கழுவணும். சொறி, படர்தாமரை ரெண்டும் நாய்கிட்ட இருந்து உங்களுக்கும் ஒட்டும், வட்டமா முடி கொட்டின நாய் வந்தா அன்னிக்கு யூஸ் பண்ண சீப்பு பிளேடு எல்லாத்தையும் தனியா எடுத்து வெச்சு கிருமிநாசினியில போடுங்க.


மதுரை_வேன்காரன்:

டாக்டர் சார் சொன்னது அம்புட்டும் சரி. நான் காசு கணக்க மட்டும் சொல்றேன் தங்கச்சி, அத யாரும் பேசல.

நான் வேன்ல போயி வீட்டு வாசல்லயே பண்றேன். வேன் நல்லா இருக்கும்னு எல்லாரும் நெனைக்கிறாக, வாடகை கிடையாது, நாய்க்கு அதோட வீட்டு வாசல்ங்கிறதால பயம் கம்மி, இது ரெண்டும் நெசம். ஆனா தண்ணி டேங்கு, ஹீட்டரு, ப்ளோயருக்கு கரண்டு, ஏசி, இதுக்கெல்லாம் சேத்து பாத்தா வண்டி வெலைக்கு சமமா உள் வேல இழுத்துரும். அப்பார்ட்மென்ட்ல சோப்புத்தண்ணி ஊத்தக்கூடாதும்பாக, வண்டிய நிறுத்தக்கூடாதும்பாக, ட்ராபிக்ல பாதி நாள் போயிரும். ஒரு நாளைக்கு நாலு அஞ்சு நாய்க்கு மேல ஓடாது. உங்க ரெண்டரை லட்சத்துல வேன் நெனச்சே பாக்காதீக.

வீட்டு கீழ்தளத்துல ஒரு ரூம் இருந்தா அதுல ஆரம்பிங்க. நல்ல கிளிப்பரு, ரெண்டு செட் பிளேடு, ப்ளோயரு, டேபிளு, டப்பு, சறுக்காத ரப்பர் மேட்டு, வாய்க்கட்டு எல்லா சைஸ்லயும், நகத்துல ரத்தம் வந்தா வைக்கிற பவுடரு. இதுல கிளிப்பர்லயும் டேபிள்லயும் மட்டும் கஞ்சத்தனம் பாக்காதீக. ஏத்தி இறக்குற டேபிள் வெல கூடத்தான், குனிஞ்சு குனிஞ்சு லேப்ரடார தூக்குனா நாப்பது வயசுக்குள்ள இடுப்பு போயிரும், எனக்கு இப்பவே பெல்ட்டு போடாம நிக்க முடியல. டேபிள்ல கழுத்துக்கு மாட்டுற கயிறு இருக்குல்ல, அத மாட்டிட்டு ஃபோன் எடுக்க கூட திரும்பாதீக, நாய் குதிச்சா தூக்கு மாட்டுன கத ஆயிரும்.

கடன் வேணும்னா மாவட்ட தொழில் மையத்துல போயி கேளுங்க. பி.எம்.இ.ஜி.பி.ன்னு மத்திய அரசோட சுயதொழில் கடன் திட்டம் இருக்கு, அதுல பொம்பளைகளுக்கு டவுன்ல 25 சதவீதம் மானியம், கிராமத்துல 35, நம்ம கையில இருந்து 5 சதவீதம் போட்டா போதும். இல்லன்னா முத்ரா, 50 ஆயிரம் வரைக்கும் சிசு, அதுக்கு மேல 5 லட்சம் வரை கிஷோர், அடமானம் கேக்க மாட்டாக. பேங்க் மேனேஜரு "நாய்க்கு முடி வெட்டவா"ன்னு சிரிப்பாரு, சிரிக்கட்டும், அப்பாயின்ட்மென்ட் நோட்ட காமிங்க. மாநகராட்சி தொழில் லைசென்ஸ் எடுத்துக்கங்க, ஜி.எஸ்.டி. வருசத்துக்கு 20 லட்சம் தாண்டுனாத்தான், இப்போதைக்கு அந்தக் கவல வேணாம்.

வருமானம் புது ஆளுகள்ட்ட இருந்து வராது, திரும்ப வர்றவங்கள்ட்ட இருந்துதான். ஒரு ஷிட்ஸூ ஆறு வாரத்துக்கு ஒருக்க வந்தா சிக்கே விழாது, வேலையும் சுளுவு, நாய்க்கும் வலி இல்ல. ஆறு மாசத்துக்கு ஒருக்க சிக்கோட வர்ற நாய்க்கு எம்புட்டு காசு வாங்குனாலும் நட்டந்தேன், அன்னைக்கு பூரா அது ஒண்ணுதேன் ஓடும். அதனால போறப்பவே அடுத்த தேதிய எழுதி குடுத்துருங்க. வர்றப்ப நாய போட்டோ எடுங்க, ஏற்கெனவே இருக்க புண்ணு, கட்டி, உண்ணி எல்லாத்தையும் ஓனர் முன்னாடி பேப்பர்ல எழுதி கையெழுத்து வாங்குங்க. என்கிட்ட ஒருத்தர், நாய் காதுல பழைய புண்ணுன்னு தெரிஞ்சே கொண்டாந்து விட்டுட்டு, சாயங்காலம் நான்தான் வெட்டுனேன்னு தெருவே கூட்டிட்டாரு. காலைல எடுத்த போட்டோவ காமிச்ச பெறகுதான் எறங்குனாரு.

அப்புறம் தீபாவளிக்கு முந்தின வாரம் எல்லாரும் ஒரே நேரத்துல வருவாக. வெடிச் சத்தத்துக்கு பயப்படுற நாய அந்த வாரத்துல எடுக்காதீக, ஏற்கெனவே நடுங்கிட்டு இருக்கும், அதுல ப்ளோயர் வேற. பத்து நாளு முன்னாடியே போன போட்டு கூப்பிட்டு முடிச்சு விட்டுருங்க.

அம்மாவுக்கு என்ன சொல்றதுன்னு கேட்டீகள்ல. எங்க அப்பாவும் இதேதான் கேட்டாரு. இப்ப அவருதான் வேன் சாவிய வச்சுக்கிட்டு வண்டி ஓட்டுறாரு, பெரிய நாய்னா வாய்க்கட்டும் அவருதான் போடுவாரு.


கோவைக்காரி_27:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பொம்மு தலை தப்பிச்சுது. அண்டர்கோட் சீப்பு ஒண்ணு ஆர்டர் போட்டாச்சு, இன்னைக்கு சாதாரண சீப்புலயே உட்கார்ந்து சீவினேன், மடியில இன்னொரு பொம்மு வந்து உட்கார்ந்த அளவுக்கு பஞ்சு வந்துச்சு. தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரில கேட்டுட்டு வந்துட்டேன்ங்க. இங்க ஒரு கடையில குளிப்பாட்டுற வேலைக்கு ஆள் வேணும்னு போர்டு போட்டிருக்காங்க, போய் பாக்கலாம்னு இருக்கேன், அங்க என்ன கவனிக்கணும்னு சொல்லுங்க அக்கா.

இன்னொரு விஷயம், மணிக்கு கால தொட்டாலே ஆகாது. உறுமாது, ஆனா டாக்டர் சொன்ன மாதிரியே விறைச்சுட்டு நிப்பான், வெள்ளை முழி வேற. இத்தனை நாள் அத நான் சமத்துன்னு நெனச்சுட்டு இருந்தேன்ங்க. நகம் வெட்டணும், எப்படி ஆரம்பிக்கிறது?


சீப்பும்_கத்திரியும்:

மணிதான் உனக்கு முதல் டீச்சர், கோர்ஸ் காசு மிச்சம்.

நகவெட்டிய இப்ப காட்டவே காட்டாத. அவன் படுத்திருக்கும்போது பக்கத்துல உக்காரு, தோள்ல கை வை, உடனே ஒரு சின்ன துண்டு வேகவெச்ச சிக்கன், கைய எடுத்துடு. அவ்வளவுதான் முதல் நாளு. கை முதல்ல, சிக்கன் அப்புறம், இந்த வரிசை மாறக்கூடாது, சிக்கன காட்டி ஏமாத்தி கால பிடிச்சா அடுத்த தடவை சிக்கன பாத்தாலே ஓடுவான். ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை கொஞ்சம் கீழ இறங்கு, முழங்கை, மணிக்கட்டு, பாதம். விறைச்சான்னா நீ அவசரப்பட்டுட்டேன்னு அர்த்தம், முந்தின இடத்துக்கு போ. அவன் கால இழுத்துகிட்டா விட்டுடு, பிடிச்சு வெக்காத, இழுத்தா விட்டுடுவாங்கன்னு தெரிஞ்ச நாய்தான் அப்புறம் தானா கால குடுக்கும். பாதத்த தூக்க விட்டப்புறம் நகவெட்டிய தரையில வெச்சு மோந்து பாக்க விடு, அது பக்கத்துல இருக்கும்போது சிக்கன். அப்புறம் ஒரு தீக்குச்சிய எடுத்து அவன் காதுல கேக்கிற மாதிரி அத கட் பண்ணு, அந்த டக் சத்தத்துக்கும் சிக்கன். முதல் நாள் ஒரே ஒரு நகத்தோட நுனி. கருப்பு நகமா இருந்தா உள்ள இருக்க ரத்தக்குழாய் தெரியாது, மெலிசு மெலிசா சீவு, வெட்டின முகத்துல நடுவுல கருப்பா ஒரு பொட்டு தெரிஞ்சா அங்கயே நிறுத்திடணும். தெருவுல சுத்துற பையன்தானே, பாதி நகம் தானா தேஞ்சிருக்கும், அவசரமே இல்ல. உள்பக்க அஞ்சாவது நகத்த மட்டும் பாத்துக்கோ.

வேலைக்கு போற கடைய எப்படி பாக்கணும்னா, சனி ஞாயிறு போகாத, அன்னிக்கு எல்லா கடையும் கோயில் திருவிழா மாதிரிதான் இருக்கும். வாரநாள்ல மத்தியானமா போ. உள்ள வேலை நடக்கிறத கண்ணாடி வழியா பாக்க விடறாங்களான்னு பாரு, "ஓனர் இருந்தா நாய் அடங்காது"ன்னு கதவ சாத்தறது சில நாய்க்கு உண்மைதான், ஆனா வேலைக்கு வர்ற உனக்கும் காட்டலன்னா வேணாம். கூண்டுல ட்ரையர் மாட்டியிருக்கா, டேபிள்ல கயிறோட நாய் தனியா நிக்குதா, ரெண்டு நாய்க்கு நடுவுல டப்பையும் சீப்பையும் கழுவுறாங்களா, நாய் திமிறும்போது அந்த பசங்க வாயில இருந்து என்ன வார்த்தை வருதுன்னு கேளு. "இன்னிக்கு இது போதும், மிச்சத்த அடுத்த வாரம் கொண்டாங்க"ன்னு கஸ்டமர்கிட்ட சொல்ற கடையா இருந்தா சம்பளம் ஆயிரம் ரெண்டாயிரம் கம்மின்னாலும் சேர்ந்துடு.

சேர்ந்தா சறுக்காத ஷூ வாங்கிக்கோ, நகத்த ஒட்ட வெட்டிக்கோ, தொங்கட்டான் கம்மல் போடாத, தலைமுடிய தூக்கி கட்டிக்கோ. பாலியெஸ்டர் டாப்ஸ்தான் சரி, காட்டன்ல ஒட்டின நாய் முடி எந்த வாஷிங் மெஷின்லயும் போகாது. மணி கால் குடுத்தான்னா இங்க வந்து எழுது.